எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை

அக்காவின் குரலைத்தான் நான் முதலில் கேட்டேன். முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

ஈஸ்டர் காலைப் பூசை. எல்லாரும் கையில் மெழுகுதிரியோடு நிற்கிறோம். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறோம் என்று நாங்கள் வாய்க்குள்ளேயே சொன்னோம். வருஷா வருஷம் விடுகிற சாத்தான்தானே, இதில் என்ன அவசரம். அப்போது பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் தனியாக, தெளிவாக வந்தது.

"ஓம்!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் கடற்கரையில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். என் பக்கத்தில் திரேஸ்புரத்து மீன்காரி ஒருத்தி நின்றாள். அவள் என் விலாவில் இடித்து, "ஏளா, மாதா கோயிலுக்குள்ள வந்து ஓம்ங்கா பாரேன்! பிள்ளையார் கோயில் அடுத்த தெருன்னு யாராவது சொல்லிவிடுங்களா" என்றாள். சாமியார் அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் "ஓம்!" பூசை உடுப்புக்குள் சாமியாரின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பூசை முடிந்ததும், கோயில் வாசலில் மாதா, சூசையப்பர் சுரூபம் வைத்திருக்கிற கெபியடியில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பிடித்தேன். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு குருசு, நன்றாகத் துவைத்து வெளிறிப்போன சேலை. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"அக்கா, நீங்க இந்துவா?"

"இல்லைப் பிள்ளை. நான் வேதக்காரி. மன்னார்."

"பின்ன ஏன் ஓம் ஓம்னு சொன்னிய?"

"ஓம் என்டா உங்கட ஆமாதான். சாமி கேட்டவர். நான் விடுறன் என்டு சொன்னனான். கேட்டதுக்குப் பதில் சொல்ல வேணுமே?"

கேட்டதுக்குப் பதில். அதுதான் அக்கா. கேட்டதற்கு என்ன பதிலோ அதைச் சொல்லுவார். கூட ஒரு சொல் இருக்காது, குறைய ஒரு சொல் இருக்காது. அந்தக் குணத்துக்கு இந்த ஊர் என்ன செய்தது என்பதைத்தான் நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அக்கா பேரை நான் எழுதவில்லை. ஏற்கெனவே ஒரு இடத்தில் அந்தப் பேர் மேல் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. நானும் எழுதி இன்னொரு கோட்டுக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

ஊருக்கு வெளியே, உப்பளம் தாண்டி, சிலோனிலிருந்து வந்தவர்களுக்கான முகாம் ஒன்று உண்டு. தகரமும் அட்டையும் போட்ட வரிசை வீடுகள். அக்கா அங்கேதான் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். மன்னாரில் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை பார்த்தவர். படகில் ஏறினபோது புருஷன் கூட ஏறினார். இறங்கினபோது அவர் இல்லை. அதை அக்கா இந்த இரண்டு வாக்கியத்தில்தான் எனக்குச் சொன்னார். மூன்றாவது வாக்கியத்தை நான் கேட்கவில்லை.

இங்கே வந்தும் அதே வேலைதான். யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் துணைக்கு இருக்கப் போவார். என் வீட்டுக்காரர் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். ஒருதடவை போய்விட்டுக் காய்ச்சலோடு வந்து படுத்துவிட்டார். அக்கா பார்க்க வந்தார். வாசலிலேயே, "அவருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? "என்ன வருத்தம்னா கேக்கிய? தம்பிக்காரன் வீட்டு மனையை ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்னு பத்து வருஷமா வருத்தந்தான். அத இப்ப கேட்டு என்ன ஆவப்போவுது?" என்று எங்கள் குடும்பக் கதை முழுவதையும் வாசலில் கொட்டிவிட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "அது விளங்குது பிள்ளை. உடம்புக்கு என்ன?" என்றார். உள்ளே படுத்திருந்தவர் போர்வைக்குள்ளிருந்து, "ஏளா, காய்ச்சல்னு சொல்லித் தொலையேன்" என்று கத்தினார்.

அவர்கள் தமிழில் வருத்தம் என்றால் நோய். நோயாளி வருத்தக்காரர். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தால் என் வயிறு எரிகிறது.

முகாமுக்கு ஒரு தரகன் வந்து போவான். இங்கேயே பிறந்ததாக ஒரு சீட்டு, அதை வைத்து ஒரு அட்டை, அதை வைத்து இன்னொரு அட்டை என்று எல்லாம் செய்து தருவான். பல பேர் செய்துகொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அக்காவிடம் வந்து, "பிறந்த ஊர் தூத்துக்குடின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

"நான் தூத்துக்குடியில பிறக்கேல்லையே."

"அது எனக்குத் தெரியாதா? சும்மா சொல்லுங்க."

"சும்மா சொல்லத் தெரிஞ்சா நான் அங்கயே சொல்லித் தப்பி இருப்பனே, தம்பி. ஏன் கடல் தாண்டி வந்தனான்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஒருநாள் முகாம் வாசல் பலகையை மாற்றினார்கள். அகதிகள் முகாம் என்று இருந்ததை அழித்து மறுவாழ்வு முகாம் என்று பெயிண்ட் அடித்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. பார்க்க வந்த அதிகாரி ஒருவர், "இனிமே உங்கள யாரும் அகதின்னு சொல்ல மாட்டாங்கம்மா, சந்தோஷமா?" என்று அக்காவைக் கேட்டிருக்கிறார். "ஓம், சந்தோஷம். இனி நான் ஆர் என்டு சொல்லுவியள்?" என்று அக்கா கேட்டாராம். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த அதிகாரி தண்ணீர் குடித்தாராம்.

பிறகு புது வீடு வந்தது. அட்டைக் கூரையை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டிக் கொடுக்கிற திட்டம். கணக்கெடுக்க வந்த பையன், "தனி ஆளுக்கு வருமான்னு தெரியல. வீட்டுக்காரர் பேரையும் சேத்துச் சொல்லுங்கம்மா" என்று இரக்கப்பட்டே சொன்னானாம். "அவர் கடலோட போனவர்" என்று அக்கா சொல்லிவிட்டார். எப்படியோ மாதா புண்ணியத்தில் தனி ஆளாகவே பேர் வந்துவிட்டது. முகாம் ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டின அன்றைக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். பேர் மேல் விரலை வைத்து ஓட்டினார். முகாம் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் இந்தப் பட்டியலில் பேர். இந்தப் பட்டியலில் பேர் இருந்தால்தான் வீடு.

"ஜன்னல் கடல் பக்கம், பிள்ளை. மாதா படத்தை இந்தச் சுவரில மாட்டுவன். மழை பெய்தா எழும்பிச் சட்டி வைக்கத் தேவையில்லை."

கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் கதவு இல்லாத வாசலில் நின்றுகொண்டு சொன்னார். ஒரு மனுஷி முப்பது வருஷமாக மழைக்குச் சட்டி வைத்திருக்கிறாள். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனிமேல் என் பாவத்தைச் சொல்ல வேண்டும்.

என் மூத்த மகள் பிள்ளைத்தாச்சியாக எங்கள் வீட்டில் இருந்தாள். மருமகன் சவூதியில். வீட்டுக்காரர் கடலில். எட்டரை மாதம். ஒரு மத்தியானம், "அம்மா, தலை பிளக்குது, கண்ணுல மின்னல் மாதிரி வருது" என்றாள். கால் வீங்கி மினுமினு என்று இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோவில் அவளைப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு நேரே போகாமல், முகாம் வாசலுக்குப் போகச் சொன்னேன். அக்கா இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் பயம்.

அக்கா ஓடி வந்தார். மகள் முகத்தை ஒருதரம் பார்த்தார். "உடன போக வேணும். நில்லுங்கோ, நான் எழுதிக் குடுத்திட்டு வாறன்" என்றார். முகாம்காரர்கள் வெளியே தங்குவதென்றால் ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனவர் ஆள் எண்ண வருகிறபோது இல்லையென்றால் பதிவேட்டில் பேர் போய்விடும். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட அக்கா அதைத் தவறவிட்டதில்லை.

ஆபீஸ் கதவில் பூட்டுத் தொங்கியது.

"சாப்பிடப் போயிட்டினம் போல. பத்து நிமிஷம் பாப்பம் பிள்ளை."

"பத்து நிமிஷமா? எம்புள்ள செத்துருவாக்கா! சீட்டா பெரிசு?"

என்று கத்தி அவர் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவுக்குள் ஏற்றினவள் நான். ஒரு செருப்பு அங்கேயே கழன்று விழுந்தது. ஆட்டோ திரும்புகிறவரைக்கும் அக்கா அந்தப் பூட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வார்டில் சேர்த்துக் கொஞ்ச நேரத்திலேயே மகளுக்கு ஜன்னி கண்டது. நான் சுவரில் முட்டிக்கொண்டு மாதாவே மாதாவே என்று கத்தினேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. அக்காதான் அவளைச் சரித்துப் படுக்க வைத்து, நாக்கைக் கடிக்காமல் பார்த்து, அந்த வார்டே அதிர நர்சைக் கூப்பிட்டார். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பேத்தி. இத்தனை சின்னது. பிள்ளை ஒரு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள், தாய் இன்னொரு மாடியில். துணைக்கு இரண்டு பெண்கள் வேண்டும். பேத்தியிடம் நான் நின்றேன். மகளிடம் அக்கா நின்றார்.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி. நான் மகளைப் பார்க்க மேலே போயிருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"அக்கா, திடீரென்டு ஆள் எண்ண வந்திட்டினம். ஓடி வாங்கோ!"

"ஏலாது. இந்தப் பிள்ளை இன்னும் கண் முழிக்கேல்லை."

"அப்ப கக்கூசுக்குப் போனவ என்டு சொல்லட்டோ? அந்தப் பக்கம் ஆரும் போய்ப் பாக்க மாட்டினம்."

"வேண்டாம். நான் இல்லை என்டு சொல்லு. உண்மைதானே."

போனை வைத்துவிட்டு மகளின் உதட்டுக்கு ஈரத்துணி வைத்தார். அவ்வளவுதான். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். போங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். என் மகள், அதனால் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மகள் கண் முழித்ததும், தகவல் கேட்டு வந்த சொந்தக்காரிகளைத் துணைக்கு வைத்துவிட்டு, அக்காவோடு நானும் முகாம் ஆபீசுக்குப் போனேன். அங்கே கிளார்க் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன். "உடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரில இருந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. சீட்டு ஒண்ணு வாங்கிக்கிடலாம். சாருக்கு பைல்ல வைக்க ஒரு பேப்பர் வேணும், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அக்கா வெள்ளைத்தாள் வாங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்து, முத்து முத்தாக எழுதினார்.

"நான் அன்று முகாமில் இல்லை. அனுமதி எழுதிக் கொடுக்காமல் போனேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமான ஒரு பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நின்றேன்."

கிளார்க் சொன்ன பொய்யை எழுதாமல், தனக்கு நோய் இல்லை, நோயான பிள்ளைக்குத் துணையாக நின்றேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். கீழே கையெழுத்து. என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். நான் வாசித்தேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இத்தனை வருஷம் பழகி அவர் தமிழ் என் காதுக்குள் குடியேறிவிட்டது. அவர் வாயாலேயே அதை வாசித்துவிட்டேன். என் வாயால் வாசித்திருந்தால் அந்தத் தாளை அங்கேயே பிடுங்கிக் கிழித்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். அக்கா பேரில் சிவப்புக் கோடு. பதிவேட்டில் பேர் இல்லை. அரிசி இல்லை. புது வீடு இல்லை. இருக்கிற வீட்டிலிருந்தும் சாமானை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தார்களா? ஒன்றும் இல்லை. கோடு போட ஒரு ஸ்கேல் போதுமே.

நான் போனேன். முகாமுக்குப் பொறுப்பான ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்பார்கள், அவர் முன்னால் போய் நின்றேன். பேத்தியையும் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

"சார், அந்த அக்கா எம்மகளுக்குத் துணைக்கு வந்தவ. இந்தா பாருங்க, இந்தப் புள்ள உசிரோட இருக்குன்னா அவதான் காரணம்."

அவர் பைலைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்லம்மா. தெரியாம போயிட்டேன், மன்னிச்சிருங்கன்னு எழுதியிருந்தா விட்டிருப்பேன். என்ன எழுதியிருக்கு, வாசிங்க. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை! அரசாங்கத்துக்கு எழுதுற எழுத்தா இது? கொழுப்பப் பாத்தீங்களா? அதுக்குக் கீழ பாருங்க. வருத்தமான ஒரு பிள்ளையோடு நின்னாவளாம். யாரோ ஒருத்தி மனசு சரியில்லாம இருந்தாளாம், இவிய ஆறுதல் சொல்லப் போனாவளாம். முகாம்னா என்ன சத்திரமா?"

அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: செய்த தவறுக்கு வருத்தம் இல்லை என எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். பெயரை நீக்கலாம்.

வருத்தம் என்றால் அவர்கள் தமிழில் நோய் என்று விளக்கிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் காய்ச்சல் கதையையும் சொன்னேன். ஆர்.ஐ. கிளார்க்கைக் கூப்பிட்டு, "அப்படியாய்யா?" என்று கேட்டார். "ஆமா சார், அவிய அப்படித்தான் சொல்லுவாவ" என்றார் கிளார்க். பிறகு ஆர்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவமே! அப்படியா சமாச்சாரம்!" என்று மேஜையில் தட்டிச் சிரித்தார். கிளார்க்கும் சிரித்தார். சேசுவே, முடிந்தது என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன்.

"அப்ப அந்தக் கோட்ட அழிச்சிருங்க சார்."

"அதெப்படிம்மா அழிக்க முடியும்? ஆர்டர் ஆயிட்டு. மேல போயிட்டு."

"தப்புன்னு இப்ப தெரிஞ்சிட்டுல்லா?"

"எனக்குத் தெரிஞ்சிட்டு. பைலுக்குத் தெரியணுமே."

"எந்தச் சட்டத்துல சார் இருக்கு, ஒரு நாள் இல்லன்னா பேர வெட்டணும்னு?"

"சட்டம்னு ஒண்ணும் இல்லம்மா. இவியளுக்குன்னு நம்ம நாட்டுல தனியாச் சட்டமே கிடையாது. எல்லாம் நடைமுறைதான்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அந்த அம்மா எழுதிக் குடுக்கணும்னுதான் சொன்னா. உங்க ஆபீசு பூட்டிக் கெடந்தது. கையப் பிடிச்சு இழுத்தவ நான். தப்பு எம்மேல. பேர வெட்டணும்னா என் பேர வெட்டுங்க, ரேஷன் கார்டுல. இந்தா, கார்டு கொண்டு வந்திருக்கேன்."

அவர் கார்டைத் தொடவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "என்னம்மா பேசுதீங்க. நீங்க இந்த ஊர்க்காரவிய. உங்க பேர அப்படிச் சட்டுனு வெட்டிர முடியுமா? நோட்டீஸ் விடணும். விசாரிக்கணும். நீங்க பதில் சொல்லணும். அதுக்கு மேல அப்பீலு இருக்கு. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

இருக்கிறது. எனக்கு இருக்கிறது. கோபத்தில் ஆபீசரிடம் கத்துகிற எனக்கு நோட்டீஸ், விசாரணை, அப்பீல். முப்பது வருஷம் ஒரு சீட்டைத் தவறவிடாத மனுஷிக்கு ஒரு ஸ்கேலும் சிவப்புப் பேனாவும். அரிசி கொடுக்கிறோம், வீடு கட்டிக் கொடுக்கிறோம் என்று சொல்கிறோமே, கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் கொடுக்கிற கையே எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம் என்றால், அதற்கு உதவி என்றா பேர்? பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற எகிப்துக்கு ஓடின சூசையப்பரிடமும் மாதாவிடமும் வாராவாரம் ஆள் எண்ணினார்களா? ஒருநாள் காணோமென்றால் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதி வாங்கினார்களா? கெபியில் அந்தச் சுரூபத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான். பாவம் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

கிளம்பும்போது ஆர்.ஐ. ஒரு வழி சொன்னார். "நடந்ததற்கு வருத்தப்படுகிறேன்னு இப்ப ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. மறுபடி சேக்கச் சிபாரிசு பண்ணுதேன்."

நான் பறந்து வந்தேன். அக்கா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தேன். அக்கா பேனாவை எடுக்கவில்லை.

"எனக்கு வருத்தமும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. உங்கட தமிழிலயும் அது பொய், எங்கட தமிழிலயும் பொய்."

"வீடுக்கா! ஜன்னல் வச்ச வீடு! ஒரு வார்த்தைதானக்கா, ஒரே ஒரு வார்த்தை!"

"ஓம். ஒரு வார்த்தைதான். உங்கட பேத்தியை என்ர மடியில வையுங்கோ. இதைப் பாத்துக்கொண்டு, நான் போனதுக்கு வருந்துறன் என்டு எழுத ஏலுமோ என்டு பாப்பம்."

பேத்தியை அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் விரல் அவர் குருசுக் கயிற்றைப் பற்றிக்கொண்டது. அக்கா எழுதவில்லை.

நான் திட்டினேன். "உங்க வாய்தான் உங்களுக்குச் சத்துரு. உண்மைய வச்சிக்கிட்டு மழையில நனையுங்க" என்று சொன்னேன். என் மகளைக் காப்பாற்றினவரைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வேறு தாள் எடுத்து எழுதினார்: "அனுமதி பெறாமல் போனது என் பிழை. அதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை உண்டோ அதைத் தரவும்." அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் வாசித்துவிட்டு, "இதுக்கு என்னன்னு ரிமார்க்ஸ் போடுறது?" என்று தலையைச் சொறிந்தார். பதில் இன்றுவரை வரவில்லை. இல்லாத சட்டத்திலிருந்து எப்படிப் பதில் வரும்?

சொந்த நாட்டுக்கே போய்விடலாம் என்று யாரோ ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டு வந்து கொடுத்தார்கள். என் சொந்த விருப்பத்தின் பேரில் திரும்புகிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. "விருப்பம் இல்லாமல் போறவைக்கு வேற பாரம் இருக்கோ?" என்று அக்கா கேட்டார். இல்லையாம்.

எங்களோடேயே இருங்கள் என்று நானும் வீட்டுக்காரரும் கையைப் பிடித்துச் சொன்னோம். "என்னைத் தேடி ஆராவது வந்தா நீங்கள் பொய் சொல்ல வேண்டி வரும். வேண்டாம், பிள்ளை. பேத்தியின்ர ஞானஸ்நானம் முடியப் போறன்" என்றார்.

ஞானத்தாய் அக்காதான். மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். சாமியார் சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். "ஓம்!" இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. திரேஸ்புரத்து மீன்காரிகூட முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பூசை அறையில் உபதேசியார் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தார். ஞானத்தாய் பேர் கேட்டார். அக்கா சொன்னார். அவர் அழகாக எழுதினார். "விலாசம்?" என்று கேட்டார்.

கேட்டதற்கு உடனே பதில் சொல்கிற அக்கா, அன்றைக்குத்தான் பேசாமல் நின்றதை நான் பார்த்தேன்.

"சும்மா தூத்துக்குடின்னு போடுங்க அண்ணாச்சி" என்றேன் நான்.

"எழுதாதேங்கோ" என்றார் அக்கா. "கோயில் புத்தகம். எனக்கு இப்ப விலாசம் இல்லை. இல்லாததை எழுதாதேங்கோ."

உபதேசியார் பேனாவை மூடிவிட்டார். அந்த இடம் வெறுமையாக விடப்பட்டது. அந்தப் பேருக்கு மேல் எந்தக் கோடும் இல்லை.

அடுத்த நாள் அக்கா ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினார். வேறு ஏதோ ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு வருத்தக்காரர் மாற்றி இன்னொரு வருத்தக்காரருக்குத் துணையாக, வராந்தாவிலேயே இருக்கிறார் என்று கேள்வி. அங்கே ஆள் எண்ணுவதில்லையாம். எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

கடல் பக்கம் ஜன்னல் வைத்த அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்திருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்.

பேத்தி இப்போது நடக்கிறாள். அவளைப் பார்க்கிறபோதெல்லாம், அக்கா எழுத மறுத்த அந்த ஒரு வரி என் கைக்கு வருகிறது. அவருக்கு அது பொய். எனக்குப் பொய் இல்லை. அதனால் அதை நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், எந்த பைலில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்: நடந்ததற்கு எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் தமிழிலும் உண்டு, அக்காவின் தமிழிலும் உண்டு.